படுசுத்தத்தின் சொந்தக்காரர்

"இதுல யாரு சார் படுசுத்தம்?"

மருத்துவமனையின் கொள்முதல் மேலாளர் மேசைமேல் இரண்டு பாட்டில்களை வைத்துவிட்டுக் கேட்டார். இரண்டிலும் தரை கழுவும் திரவம். இரண்டிலும் 'படுசுத்தம்' என்று ஒரே பெயர். ஒன்றில் நீல லேபிள், மற்றதில் பச்சை.

"நீலம்தான் சார் நான். பச்சை டூப்ளிகேட்," என்றார் எம்.டி.

"காலைல பச்சை வந்திருந்தார். நீலம் டூப்ளிகேட்னு சொல்லிட்டுப் போனார்."

"அவன் என் சகலை சார்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். உங்கள்ல யாருக்கு வருஷ ஆர்டரக் கொடுத்தாலும் இன்னொருத்தர் வந்து வாசல்ல கத்துவீங்க. இது ஆஸ்பத்திரி. பேரு யாருதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் கிடையாது."

எம்.டி. என்பது அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதவி. கம்பெனி, வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகை. அதில் இரண்டு டிரம், ஒரு புனல், 'எம்.டி.' என்று எழுதிய ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி. பைன் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் சேர்த்து, தண்ணீர் ஊற்றி, பால்போல் வெளுக்கும்வரை கலக்குவது மனைவியின் வேலை. எம்.டி.யின் வேலை நிர்வாகம்.

ஆரம்பத்தில் சகலையும் கூட்டாகத்தான் இருந்தார். அக்காவும் தங்கையும் கலக்கினார்கள், கணவர்கள் இருவரும் நிர்வகித்தார்கள். ஒரே கதவில் இரண்டு எம்.டி.க்கு இடமில்லை என்று ஆனபோது, சகலை அடுத்த தெருவில் வேறு கதவு போட்டுக்கொண்டார். போகும்போது பெயரையும் கையோடு கொண்டுபோனார்.

அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் எம்.டி. பழைய கிடங்கு வேலைக்கே திரும்ப வேண்டும். "போயிட்டு வாய்யா, உன் ஸ்டூல எடுக்காம வெச்சிருக்கேன்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அனுப்பிய மேற்பார்வையாளர் இன்னும் அங்கேதான் இருந்தார். ஸ்டூலும் இருந்தது.

"இனிமே உன் தங்கச்சிகூடப் பேசக் கூடாது," என்று எம்.டி. வீட்டில் உத்தரவு போட்டார்.

"சரிங்க," என்றாள் மனைவி.

"போன்லயும் கூடாது."

"சரிங்க. நான் எதுக்குப் போன்ல பேசப் போறேன்?"

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இதுதான் தலைமைப் பண்பு என்று நினைத்துக்கொண்டார்.

டிரேட்மார்க் வக்கீலின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்தது. விண்ணப்பம் போட்டார்கள். சில மாதங்கள் கழித்து டிரேட்மார்க் அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது.

"படுசுத்தம்னா என்ன?" என்று கேட்டார் வக்கீல்.

"ரொம்ப சுத்தம்."

"உங்க சரக்கு என்ன பண்ணும்?"

"ரொம்ப சுத்தமாக்கும்."

"அங்கதான் சார் மாட்டிக்கிட்டீங்க. பேரு சரக்கோட குணத்தச் சொல்லக் கூடாது. தரை கழுவுற எல்லாருக்கும் வேண்டிய வார்த்தைய உங்க ஒருத்தருக்கு எழுதிக் கொடுப்பாங்களா?"

"நல்ல பேரா வெச்சது தப்பா?"

"புரியற பேரா வெச்சது தப்பு. இப்ப ஒரே வழிதான். பேருக்கும் சரக்குக்கும் சம்பந்தமே இல்லன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்துப் பாக்கலாம்."

எம்.டி. கையெழுத்துப் போட்டார். அந்தப் பிரதியை மனைவி சாப்பாட்டு மேசையில் பார்த்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"'இத்திரவம் தரையைச் சுத்தமாக்கும் என்று நான் ஒருபோதும் கருதியதில்லை.' ஏங்க, இது யாரு சொன்னது?"

"வக்கீல் எழுதினது."

"கையெழுத்து உங்களோடதா இருக்கே."

"அது சட்டத்துக்காக."

"அப்ப நான் இவ்வளவு நாளா டிரம்ல என்னத்தக் கலக்கிக்கிட்டு இருக்கேன்?"

"இதெல்லாம் பிராண்ட் விஷயம். உனக்குப் புரியாது. நீ போய்க் கலக்கு."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு போய்க் கலக்கினாள்.

அடுத்த வாரம் எம்.டி. வழக்கமான மளிகைக்கடைக்குப் போனபோது, கல்லாவுக்கு மேல் அவருடைய சத்தியப் பத்திரம் ஒட்டியிருந்தது. அந்த வரியின் கீழ் பச்சை மையால் கோடு.

"உங்க சகலை ஒட்டிட்டுப் போனார்," என்றார் கடைக்காரர். "சொந்தச் சரக்கப் பத்தி இவ்வளவு உண்மையா எழுதிக் கொடுத்த ஆள நான் பாத்ததில்ல சார். மரியாதையா இருக்கு. பாட்டில எல்லாம் எடுத்துட்டுப் போயிடுறீங்களா?"

எம்.டி. வக்கீலிடம் ஓடினார்.

"இத வெளியாளுங்க எப்படிப் பாக்கலாம்?"

"பொது ஆவணம் சார். யாரு வேணா பாக்கலாம். அவரும் இதே பேருக்கு விண்ணப்பம் போட்டிருக்கார். அவருக்கும் இதே ஆட்சேபம். அவரோட வக்கீலும் என்னோடதான் படிச்சார்."

அன்று மாலைக்குள் எல்லாக் கடைகளிலும் சகலையின் சத்தியப் பத்திரமும் ஒட்டப்பட்டது. அதில் நீலக் கோடு. கடைக்காரர்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்து, இரண்டு நிற பாட்டில்களையும் திருப்பி அனுப்பினார்கள்.

கொட்டகை முழுக்கப் பாட்டில்கள் அடுக்கப்பட்டன. ஒரு பாட்டிலும் விற்கவில்லை. ஆனாலும் கொட்டகையில் பைன் வாசனை புதிதாக வந்துகொண்டே இருந்தது. அடுக்கில் ஏதோ பாட்டில் ஒழுகுகிறது என்று எம்.டி. முடிவு செய்தார். எது என்று குனிந்து பார்ப்பது நிர்வாகத்தில் சேராது.

விசாரணை நாளில் சகலை பச்சைச் சட்டையில் வந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "இது சுத்தம் பண்ணாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. பண்ணாத சரக்குக்குப் படுசுத்தம்னு பேரு வெச்சா, ஜனங்கள ஏமாத்துறதுதானே?"

"அதத்தான் சார் நானும் சொல்றேன்," என்றார் சகலை.

"உங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்."

எம்.டி.க்கு ரோஷம் வந்தது. இதற்காகவே பையில் கொண்டுவந்திருந்த டைல்ஸ் துண்டை வெளியே எடுத்தார். ஸ்கூட்டரின் கறுப்பு எண்ணெய் அதில் காய்ந்து போயிருந்தது. நீல பாட்டிலைத் திறந்து நாலு சொட்டு விட்டார். துணியால் ஒரு இழுப்பு. டைல்ஸில் அறையின் மின்விசிறி தெரிந்தது.

அதிகாரி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம். இது எங்க கிடைக்கும்?"

"ஜெயிச்சிட்டோம்!" என்று வக்கீலின் கையைப் பிடித்தார் எம்.டி.

"உக்காருங்க," என்றார் அதிகாரி. "சுத்தம் பண்ணுதுன்னா, பேரு குணத்தச் சொல்லுது. தர முடியாது. சுத்தம் பண்ணலன்னா, பேரு ஏமாத்துது. அப்பவும் தர முடியாது. ரெண்டுலயும் சேராம ஒரு சரக்கு செஞ்சா கொண்டாங்க, பாக்கலாம்."

"அப்ப இந்தப் பேரு யாருக்கு சார்?"

"யாருக்கும் இல்ல. எதிர்க்கடைக்காரர்கூட வெச்சுக்கலாம்."

வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. இருவரும் அதன் இரண்டு நுனிகளில் உட்கார்ந்தார்கள். எம்.டி.யின் கண்ணுக்கு முன்னால் அந்த ஸ்டூல் வந்து நின்றது. அதன் மூன்று கால்கள் தரையில் பதிந்திருந்தன, நான்காவது ஆடியது.

சகலைதான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, டைல்ஸ் காட்டினீங்க பாருங்க. எனக்கே கை தட்டணும்போல இருந்துச்சு."

"உன்னோடதும் நல்லாத்தான் இருக்கும், சகல."

"என்னவோ, அவதான் கலக்குறா."

இருவரும் டீ குடித்தார்கள். இரண்டாவது டீ வருவதற்குள் கம்பெனி மறுபடி ஒன்றாகிவிட்டது.

"அர்த்தமே இல்லாத பேரா வெச்சாத் தருவாங்களாம் அண்ணே. நம்ம ரெண்டு பேர் பேரோட முதல் எழுத்தச் சேத்தா என்ன?"

"ஒரு அர்த்தமும் வராது. அருமை. என் எழுத்து முதல்ல வரட்டும்."

"அப்ப எம்.டி. நான்."

"சரி, நான் சேர்மன்."

"வீட்ல சொல்லிடலாமா அண்ணே? அவங்க ரெண்டு பேரும் பேசிக்காம மாசக்கணக்காச்சு. பாவம்."

"அவங்களுக்கு என்ன தெரியும்? ஆர்டரக் கையில வாங்கிட்டுப் போய்ச் சொல்லுவோம். அப்பத்தான் நிர்வாகம்னா என்னன்னு புரியும்."

அப்படியே ஒரே ஸ்கூட்டரில் மருத்துவமனைக்குப் போனார்கள். நடைபாதையில் நுழைந்ததும் சேர்மனின் கால் லேசாக வழுக்கியது. கீழே பார்த்தால் அவர் முகம் தெரிந்தது.

"எவனோ நல்ல சரக்காப் போடறான்," என்றார் புது எம்.டி.

சேர்மன் மூக்கை உறிஞ்சினார். "டேய், இது நம்ம வாசனைடா!"

"ஆமாண்ணே! நாம சண்டை போட்டுக்கிட்டு இருந்த நேரத்துல எவனோ நம்ம வாசனையவே காப்பியடிச்சிட்டான்."

"விடக் கூடாது. வாசனைக்கும் டிரேட்மார்க் உண்டான்னு வக்கீலக் கேக்கணும்."

கோபத்தோடு ஸ்டோர் கவுன்டருக்குப் போனார்கள். உள்ளே ஒரு அம்மாள் கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தரை கழுவுற வருஷ ஆர்டர் விஷயமா வந்திருக்கோம்மா. பேரு பிரச்சனை தீந்துடுச்சு. இந்தத் தரைக்கு இப்ப போடறீங்களே, அந்த டூப்ளிகேட் கம்பெனி பேரு என்ன?"

அந்த அம்மாள் பெட்டியைக் கீழே வைத்தார்.

"பேரெல்லாம் ஒண்ணும் கிடையாது சார், வெறும் கேன்தான். அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, வருஷ ஆர்டர் எடுத்து வாராவாரம் கொண்டுவந்து கொடுக்கறாங்க. ஏம்மா ஒரு பேரு வெக்கக் கூடாதான்னு நானும் கேட்டேன்; பேரு வெச்சா எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்சு நிர்வாகம் பண்ண வந்துடுவாங்கன்னு சொல்லிட்டாங்க."