கங்காணியைத் தூங்கவைத்த குளிசை

தனியாக இருப்பவள், வீடு தேடி வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில் கவனமாக இருக்க வேண்டும். பலகாரம் கொடுக்கலாம். வாசித்து முடித்த பத்திரிகை கொடுக்கலாம். நான் மருந்துக் குளிசை கொடுத்தேன். (சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். எழுபதுகளின் நடுவில் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு ஆசிரியையாகப் போனேன். பாடசாலையை ஒட்டி எனக்கு ஓர் அறை. தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் என்பதால் தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளில் என்னை உள்ளே கூப்பிடவில்லை. டீச்சர் என்பதால் லயத்தில் யாரும் என்னோடு உட்காரவில்லை. நான் போனால் எழுந்து நின்றார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் என் அம்மாவே, "சாப்புடுறீங்களா?" என்று கேட்டாள். பெற்றவள் மரியாதை கொடுத்தால் சோறு இறங்குமா? ஆனால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் என் விலாவில் அக்கி வந்தது. பக்கத்து லயத்தில் கொழுந்தெடுக்கும் பார்வதியக்கா, "காவி கரைச்சு அக்கி எழுதிவிடுறேன் டீச்சர்" என்றார். படித்தவள் விலாவில் காவியால் சிங்கம் வரைவதா? மறுத்துவிட்டேன். கொப்புளம் ஆறியது, எரிச்சல் ஆறவில்லை. துணி உரசினாலே நெருப்பில் சாய்ந்த மாதிரி இருந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பாடசாலை விட்டுப் பிள்ளைகளின் சத்தம் லயத்துப் பக்கம் போய் மறைந்ததும் எனக்கு அழுகை வரும். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே அழுவேன். ஏனென்று கேட்க ஆளில்லாததால் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பதுளை ஆஸ்பத்திரி டொக்டர் விலாவைப் பார்த்தார். பிறகு, "யாரோட பேசுவீங்க?" என்று கேட்டார்.

"பிள்ளைகளோட."

"அது பாடம். பேச்சு யாரோட?"

விலா வலிக்கு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது!

அமிட்ரிப்டிலின் என்றொரு குளிசை எழுதினார். "நரம்பு வலிக்கும் கேக்கும், மனச்சோர்வுக்கும் கேக்கும். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. படுக்கப் போகும்போது ஒண்ணு மட்டும். வாய் காயும், தூக்கம் தள்ளும், எழும்பும்போது மெதுவா எழும்புங்க. சுகம் தெரியச் சில கிழமை போகும். அவசரப்பட்டுக் கூட்டவும் வேணாம், நெனச்சபடி நிறுத்தவும் வேணாம். முக்கியமா, வேற யாருக்கும் குடுக்கக் கூடாது."

மனச்சோர்வு என்றதுமே என் காது அடைத்துவிட்டது. எனக்கா? மற்றதையெல்லாம் என் வகுப்பின் கடைசி வரிசை வாங்குக்காரர்கள் பாடம் கேட்கிற மாதிரித் தலையாட்டிக் கேட்டேன்.

எங்கள் தோட்டத்தில் மருந்தைக் கையில் தருகிற வழக்கம் இல்லை. காலையில் டிஸ்பென்சர் ஐயா முன்னால் வரிசையில் நின்று, அங்கேயே விழுங்க வேண்டும். விழுங்கியதும், "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்பார். (நம்பிக்கை அவ்வளவு.) அப்படிப்பட்ட ஊரில் போத்தல் நிறையக் குளிசையைத் தன் அறையிலேயே வைத்திருப்பவள் சீமாட்டி அல்லவா? சேதி லயம் லயமாக நடந்தது.

முதலில் பார்வதியக்கா வந்தார். "கூடை மாட்டி மாட்டிக் கழுத்து நரம்பெல்லாம் இழுக்குது டீச்சர்." என் பாயில் முதன்முதலாக ஒருவர் உட்கார்ந்தார். புருஷனைத் திட்டினார். நான் சிரித்தேன், என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? ஒரு குளிசை கொடுத்தேன்.

"செத்தவ மாதிரி தூங்கினேன்!" என்று மறுநாள் நாத்தனாரோடு வந்தார். நாத்தனார் அவருடைய தோழிகளோடு வந்தார். என் அறை நிறைந்தது. விருந்தாளிகளுக்குப் போதாமல் போய்விடுமே என்று என் குளிசையை நான் விழுங்காமல் விட்டேன். வயிற்றைப் பிரட்டியது, விலா திரும்பவும் பற்றியெரிந்தது, பிள்ளைகள் மேல் எரிந்துவிழுந்தேன். ஆனாலும் பின்னேரமானால் கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறதே!

ஒரு நாள், எல்லாரையும் வேலை வாங்குகிற ராமையா கங்காணியே வந்தார். இடுப்பு வலி. "நமக்கு ஒண்ணு பத்தாதுங்க டீச்சரம்மா, ஆளு பெருசு" என்றார். நியாயமாகப் பட்டது. இரண்டு கொடுத்தேன். அவர் அதைக் கசிப்புச் சாராயத்தோடு சேர்த்து விழுங்குவார் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலை, பாடசாலைக்கு எதிரே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலில்தான் தோட்டமே கண்விழிக்கும். "முத்..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். முத்தம்மாவா முத்தாயியா என்று தெரியாமல் இரண்டு பேரும், "இருக்கேன்" என்றார்கள். கங்காணி பக்கத்துத் தண்ணீர்க் கானின் ஓரத்தில் உட்கார்ந்தார், சாய்ந்தார், குறட்டை விட்டார்.

"எழுப்புங்கடி! நம்மள எத்தன நாளு எழுப்பியிருக்காரு!" என்றார் பார்வதியக்கா. ஒரே சிரிப்பு. ஆனால் உலுக்கியும் அவர் எழும்பவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது.

டிஸ்பென்சர் ஐயா ஓடிவந்து நாடி பார்த்தார். "நெஞ்சு தாறுமாறா அடிக்குது. என்னத்தச் சாப்பிட்டாரு?"

"கசிப்புங்க. அதோட டீச்சரம்மா குடுத்த குளுச" என்று கங்காணியின் மனைவி அழுதார்.

பாடசாலை வாசலில் நின்ற என் பக்கம் அத்தனை தலையும் திரும்பியது.

"என்ன குளுச டீச்சர்?"

"நரம்பு வலிக்கு..."

"அதுக்கு எத்தனையோ இருக்கு. பதுளைக்கு ஒடனே சொல்லணும். பேரு என்ன, எதுக்குக் குடுத்தாங்க? முழுசாச் சொல்லுங்க!"

சொல்லாவிட்டால் என் மானம் மிஞ்சும். ராமையா மிஞ்சுவாரா?

"அமிட்ரிப்டிலின். எனக்கு மனச்சோர்வுக்கும் சேர்த்துக் குடுத்தாங்க." மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் என்னுடையது வகுப்பறைக் குரல். கடைசி வரிசை வரை கேட்டது.

கங்காணியை லொறியில் ஏற்றினோம். நானும் ஏறினேன். அன்று முழுவதும் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தேன். ஆள் பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்த பிறகுதான் டொக்டர் என்னிடம் வந்தார். நான் குளிசையை விட்டதையும் வயிற்றுப் பிரட்டலையும் சேர்த்தே சொன்னேன்.

"இந்த மருந்தோட சாராயம் சேந்தா ஆளை அமுக்கிடும். நெஞ்சு வருத்தம் உள்ளவங்களுக்கு இன்னும் ஆபத்து. பாத்துப் பாத்துத்தான் குடுப்போம். நீங்களும் திடீர்னு நிறுத்தினதாலதான் இந்த வயித்துப் பிரட்டல்." "படிச்சவங்க. ஏன் குடுத்தீங்க?"

"வர்றவங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல டொக்டர்."

அவர் பேனாவை மூடினார். "தேத்தண்ணி இருக்குதானே?" என்றார்.

அதன் பிறகு கதவை யாரும் தட்டவில்லை. குளிசையைச் சொன்னபடி சாப்பிட்டேன். எரிச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. கதவுச் சத்தத்துக்கு ஏங்கும் காது மட்டும் தணியவில்லை. ஒரு பின்னேரம் பார்வதியக்கா வந்து நின்றார்.

"குளுச இல்லக்கா" என்று முந்திக்கொண்டேன்.

"யாரு கேட்டா? தேத்தண்ணி ஊத்துங்க." பாயில் உட்கார்ந்தார். "நீங்க ஒழுங்கா முழுங்குறீங்களா?"

"நேத்தும் முழுங்கினேன்."

"வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க."

தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவிக்க வந்தவள் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன்.

கதை எனக்கு முன்பே எங்கள் ஊருக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த லீவுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்து, "அடி கூறுகெட்டவளே! தனியா இருந்தா எங்கிட்ட சொல்லமாட்டியாடி?" என்றாள்.

அன்றோடு அவள் கொடுத்த மரியாதை போயிற்று. இன்றும் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் கோப்பையை நீட்டினால் அடுப்படியிலிருந்து கேட்கிறாள்: "ஏய், தேத்தண்ணிதானடி குடுக்குற?"