பேர் எழுதாத போர்டு

திருவண்ணாமலையில் திமிருக்குப் போட்டி வைத்தால் போர்டு பாய்தான் ஜெயிப்பார். கொடுக்கிற கோப்பையையும் விரலால் தட்டிப் பார்த்து, "தகரம், நீங்களே வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

வேங்கிக்கால் போகிற வழியில் கையாலேயே கிடார் செய்கிற கடை அவருடையது. சன்ஷேடுக்கு அடியில், மழை படாமல், ஒரு போர்டு தொங்கும். அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. நல்ல தேவதாருப் பலகையாம், பெயிண்ட் பட்டால் செத்துவிடுமாம். கடை எது என்று தெரியாமலே திரும்பிப் போனவர்கள் ஏராளம். தேடிக் கண்டுபிடித்து வந்து, அந்தப் பலகையில் தனக்கொரு கிடார் கேட்ட வெள்ளைக்காரரையும், "உனக்கு இது ஜாஸ்தி" என்று அனுப்பிவிட்டார்.

எதைக் கண்டாலும் தட்டுவார். அக்கா மகள் கல்யாணத்தில் சீர்க்கட்டிலைத் தட்டி, மாப்பிள்ளை வீட்டார் காதுபட, "பிளைவுட்டு" என்றவர். அக்கா வீட்டில் அவருக்கு இன்னும் சாப்பாடு கிடையாது.

நான் ஆறாவதோடு நின்றவன், ஊர் ஊராகப் பாடுகிறவன். பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் பாடினால்தான் அடுத்த பௌர்ணமிவரை சோறு. போன வருஷம் என் இடத்துக்குப் பக்கத்தில் கரும்பு ஜூஸ் மெஷின் ஒன்று வந்தது. அது போட்ட சத்தத்தில் என் கிடார் எனக்கே கேட்கவில்லை. ஜனங்கள் ஜூஸைக் குடித்துவிட்டு நடந்தார்கள். இரண்டு பௌர்ணமி அப்படியே போனது. அன்னதான வரிசையில் நாளை ஓட்டினேன். மூன்றாவதும் போனால் அந்த மெஷினிலேயே கரும்பு திணிக்கப் போகவேண்டியதுதான்.

வேறு வழியில்லாமல் பாயிடம் போனேன். பக்தர்களுக்குப் பிடிக்குமே என்று கிடாரின் முகத்தில் மலையும் தீபமும் எனாமல் பெயிண்டில் நானே வரைந்திருந்தேன். மூன்று கோட்டு அடித்து.

"இன்னாப்பா இது, கிடாரா, காலண்டரா?"

"சாமி படம் பாய்."

"சாமி இருக்கட்டும். ரெயின்கோட்டை மாட்டி, வாயையும் பொத்திட்டுப் பாடுன்னா நீ பாடுவியா?"

உள்ளே விரலை விட்டுத் துழாவினார். "முன்பலகை பிளைவுட்டு. அதுக்கு முட்டு குடுத்திருக்கான் பாரு, பாலத்துக்குக் குடுக்கிற மாதிரி. தந்தி அதிர்ந்தா பலகையும் கூடவே ஆடணும். இது எங்க ஆடும்? வெயிட்டு ஜாஸ்தி, பேச்சு கம்மி. உனக்கு அப்படியே உல்டா."

"மெஷினைத் தாண்டிக் கேக்குமா பாய்?"

"வச்சுட்டுப் போ. பௌர்ணமி அன்னிக்கு வா."

பௌர்ணமி காலையில் போனேன். சன்ஷேடுக்கு அடியில் வெறும் ஆணிகள்தான் இருந்தன.

"போர்டு எங்க பாய்?"

"சும்மாதானே தொங்கினு இருந்துச்சு."

கிடாரை நீட்டினார். பின்பக்கமும் கழுத்தும் பழசு. முகம் மட்டும் புதுசு. ஒரே பலகையை இரண்டாக அறுத்து நடுவில் சேர்த்திருந்தார். உள்ளே முட்டெல்லாம் பென்சில் மாதிரி மெலிசு. பெயிண்ட் ஒரு சொட்டு இல்லை.

"பாய், இந்தப் பலகையைப் போயி எனக்கா..."

"பெயிண்ட் டப்பாவோட உன்னைப் பார்த்தேன், விரலை உடைச்சுடுவேன். போ."

சாயங்காலம் நிலா கிளம்பும்போது மெஷினும் கிளம்பியது. நான் ஒரு தரம்தான் மீட்டினேன். கையில் கரும்போடு மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். நடந்துகொண்டிருந்தவர்களில் சிலர் நின்றார்கள். இரண்டாவது பாட்டுக்கு உட்கார்ந்தே விட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், ஜூஸ் டம்ளரோடு பாய். பாட்டு முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்பு சொன்னார்.

"கிடார் சரி. பாடுறவன்தான் பிளைவுட்டு."

கடைக்கு இன்னும் வேறு போர்டு மாட்டவில்லை. நான் எந்த ஊரில் சுற்றினாலும் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து அந்தத் தெருமுனையில் நின்றுகொள்கிறேன். கிடார் கடை எங்கே என்று யாராவது கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே.