பெயிண்டில் எழுதிய விலை

எந்தப் புத்தகத்தையும் பாதி படித்துவிட்டுக் காரியத்தில் இறங்கக் கூடாது. நான் இறங்கியிருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்பாக்கம் குடியிருப்பில், கல்யாணமாகாத டெக்னீசியனாகத் தனியாக இருந்தேன். ஆபீஸ் பஸ்ஸில் எல்லோரும் ஷேர் மார்க்கெட் பேசிய காலம். நானும் பேசுவதற்காக ஒரு புத்தகம் வாங்கி மூன்றாவது அத்தியாயம் வரை படித்தேன். அதில் வந்தவர்தான் மார்க்கெட் மேக்கர். யார் விற்க வந்தாலும் ஒரு விலைக்கு வாங்கிக்கொள்வார். யார் வாங்க வந்தாலும் சற்றுக் கூட்டி விற்பார். எந்நேரமும் இரண்டு விலையும் தயார். அவர் இருந்தால் விற்பவன் வாங்குபவனைத் தேடி அலைய வேண்டாம். நடுவில் உள்ள வித்தியாசம் அவருடைய கூலி.

எங்கள் குடியிருப்பில் பஸ் நிறுத்தத்துக்குப் போக எல்லோருக்கும் சைக்கிள் வேண்டும். மாற்றலாகிப் போகிறவர்கள் விற்க அலைந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் வாங்க அலைந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி எனக்காகவே காலியாக இருப்பதாகப் பட்டது.

பழைய சைக்கிள் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் தகரப் பலகையில் எனாமல் பெயிண்டில் எழுதி வாசலில் மாட்டினேன். (சாக்பீஸ் மழையில் அழிந்துவிடுமாம். எப்பேர்ப்பட்ட தொலைநோக்கு பாருங்கள்.) சில மாதங்கள் ராஜ வாழ்க்கை. பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம்கூடக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் செங்கல்பட்டில் விமலாவைப் பெண் பார்த்தோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவர்கள் என் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. குடித்தனம் நடத்தப்போகிறவளும் வந்து பார்க்கட்டும் என்றார் அவள் அப்பா.

அந்த வாரம் வியாபாரம் சூடு பிடித்தது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் விற்கத்தான் வந்தார்கள். என் நண்பன், படாளத்துக்காரன் தனசேகரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா, நீயுமா?"

"போர்டுல போட்டுகீற வெலைக்கு எடுத்துப்பியா மாட்டியா மச்சான்? அத்தச் சொல்லு."

எழுதிய வாக்கு தவறுவேனா? வாங்கினேன். கூடம் நிரம்பி, சமையலறை நிரம்பி, குளியலறைக்கு ஒன்றைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பணம் கைக்கு வந்த பிறகுதான் தனசேகர் வாயைத் திறந்தான்.

"திங்கக்கெழமலேந்து பஸ்ஸு தெருத்தெருவா உள்ளாற வருது மச்சான். கேன்டீன் நோட்டீஸ் போர்டுல போட்டுகீறாங்களே, பாக்கலியா? இனிமே சைக்கிளு யாருக்கு வேணும்?"

நான் எங்கே பார்த்தேன். என் பலகையை யார் யார் படிக்கிறார்கள் என்று பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விமலாவின் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "தம்பி, இது வூடா, சைக்கிள் ஸ்டாண்டா?"

அவள் அம்மா ஒரு கேரியரில் உட்கார்ந்தார். நான் ஹேண்டில்பார்களுக்கு மேலே காபித் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி மார்க்கெட் மேக்கரைப் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க அவள் அப்பாவின் முகம் இறுகியது.

"பழைய இரும்ப வாங்கி அடுக்கிகினு கீற ஆளுக்கா பொண்ணக் குடுக்கறது?" என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். சின்ன வீடு, எனக்கும் கேட்டது. அவளை இழந்துவிட்டேன் என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விமலா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் விக்கவே வந்தாங்களே, வெலையக் கொறைச்சிருக்கலாமே?"

"பெயிண்ட்ல எழுதிட்டேங்க."

"போர்டக் கழட்டி உள்ள வச்சிருக்கலாம்ல?"

"நம்பி வந்துட்டாங்களேங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "புத்தி கொஞ்சம் கம்மிதாம்பா. ஆனா சொன்னா சொன்னபடி நிக்கறாரு. எனக்குச் சம்மதம்."

நான்காவது அத்தியாயத்தை அன்று ராத்திரிதான் படித்தேன். எல்லோரும் விற்கவே வந்தால் உனக்குத் தெரியாத ஏதோ அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, உடனே விலையை இறக்கு என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. சைக்கிள்கள் மாமல்லபுரத்து வாடகைக் கடைகளுக்கு, அவர்கள் சொன்ன விலைக்குப் போயின. கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போனபோது அவற்றில் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். தனசேகருடையது. செயின் கழன்றது.

இன்றைக்கும் வீட்டில், இனிமேல் இனிப்பையே தொடமாட்டேன் என்பதுபோல் நான் எதையாவது அறிவித்தால் என் மகள் கேட்பாள்: "அம்மா, இது பெயிண்டா, சாக்பீஸா?"

"சாக்பீஸ்தான்டி," என்பாள் விமலா. "உங்கப்பா பெயிண்ட்ல எழுதினது ஒரே ஒரு தடவ. அதப் பாத்துட்டுத்தான் நான் வந்து மாட்டிக்கினேன்."