முதல் பாதி விமர்சகி

நான் முழுசாகப் பார்த்த படங்களைப் பற்றி எனக்குப் பெரிதாகக் கருத்து எதுவும் இருந்ததில்லை. பாதி பார்த்த படங்களைப் பற்றித்தான் மணிக்கணக்காகப் பேசுவேன். இதை ஒத்துக்கொள்ள இன்றைக்கு எனக்கு வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் சேலத்தில் ஒரு தியேட்டர் வாசலில், பதிமூன்று பேர் முன்னால் பட்டு முடித்துவிட்டேன்.

அப்போது அதே சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, பெயர் எழுதி, டோக்கன் கொடுப்பேன். மதியம் ஒன்றரைக்கு மூடினால் மறுபடி நாலரைக்குத்தான் திறப்பார்கள். பக்கத்திலேயே தியேட்டர். இரண்டரை மணிக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தால் நாலு மணிக்கு இடைவேளை விடும். எழுந்து ஓடிவந்தால் நாலரைக்கு என் நாற்காலியில் இருப்பேன். (டாக்டருக்குப் பல் பிடுங்குவதில் இருக்கும் பொறுமை வேறு எதிலும் கிடையாது.)

மீதிப் படம்? அது எதற்கு? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அரைப் பானையையே தின்றுவிட்டு வருகிறேனே!

சாயங்காலம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் என் குரல் ஒலிக்கும். "வணக்கம் உறவுகளே" என்று ஆரம்பிப்பேன். (நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.) ஒரு பேய்ப் படத்தை, "பேய்தான், ஆனா நல்ல பேய், குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போலாம்" என்றேன். இடைவேளைக்கு அப்புறம் அந்த நல்ல பேய் ஒரு குடும்பத்தையே கிணற்றில் தள்ளியதாம். சித்தப்பா பையன் ஒரு வாரம் லைட்டை அணைக்க விடவில்லை. துப்பறியும் படத்தில் கொலைகாரன் தம்பிதான் என்று அடித்துச் சொன்னேன். அந்தத் தம்பி இடைவேளை முடிந்ததும் முதல் ஆளாகச் செத்தான். ஒரு காதல் படத்தை, "மனசுக்கு அவ்வளவு இதம், ரெண்டு பேரும் சேந்துடறாங்க" என்று நம்பிக்கை கொடுத்தேன். புதிதாகக் கல்யாணமான அத்தை மகள் புருஷனோடு போய் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். போலீஸ் படத்துக்கு மட்டும் நான் சொன்னது அப்படியே பலித்தது. அதில் முதல் பாதியையே இரண்டாம் பாதியிலும் திருப்பி எடுத்திருந்தார்கள்.

இதில் கொடுமை, யாருமே என்னைச் சந்தேகப்படவில்லை. "வேணும்னே மாத்திச் சொல்லி, கதைய ஒடைக்காம எப்படிக் காப்பாத்துது பாரு, அதுதான் அறிவு!" என்று பெரியப்பா எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.

இந்தப் புகழோடு இருக்கும்போதுதான் நாமக்கல் பக்கத்திலிருந்து வரன் வந்தது. மாமாவுக்கு, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, முட்டைக்கோழிப் பண்ணை. அவர்கள் வகையறாவில் பாதிப் பேருக்குப் பண்ணை, மீதிப் பேருக்குத் தீவன வியாபாரம். உப்புச்சக்கரை மாற்றி உறுதி செய்தார்கள். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. சும்மா இல்லை, நெம்பவே பிடித்திருந்தது. போனில் பேசும்போது நடுவில் கோழி கத்தினால் "ஒரு நிமிசமுங்க" என்று நகர்ந்துபோய்ப் பேசுகிற மனுஷனை யாருக்குத்தான் பிடிக்காது?

பெரியப்பா அனுப்பிவைத்ததையெல்லாம் கேட்டு, மாமா என் விமர்சனங்களுக்குப் பரம ரசிகராகியிருந்தார். அவரை இன்னும் குளிர வைக்கலாமே என்று எனக்குக் கொழுப்பு. அப்போது ஒரு கிராமத்துப் படம் வந்திருந்தது. வழக்கம்போல நாலு மணி வரை பார்த்தேன். அதில் கதாநாயகனுக்கு ஒரு பெரியப்பா. வெள்ளை வேட்டி, பெரிய மீசை, முட்டைப் பண்ணை முதலாளி, ஊருக்கே படியளக்கும் உத்தமர். நான் குரலில் தேனைக் குழைத்து, "குடும்பத்தோட பாக்க வேண்டிய படம். கிளைமாக்ஸ்ல கண்ணுல தண்ணி நிக்காது. அந்தப் பெரியப்பாவப் பாக்கறப்ப எனக்கு எங்க மாமா ஞாபகந்தான் வந்துச்சு, அச்சு அசல் அவரேதான்!" என்று பதிவு செய்து அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தப் பட்டு எடுக்க அவர்கள் பக்கம் பதினோரு பேர் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தார்கள். எங்கள் பக்கம் அப்பா, அம்மா, நான். சேலை சீக்கிரமே அமைந்துவிட்டது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏஞ்சாமி, அந்தப் படத்துக்கே போயிரலாமா? என்னையப் போலயே ஒருத்தரு இருக்காராமா!" என்றார்.

"போலாமுங்க மாமா! எத்தனை தடவை பாத்தாலும் சலிக்காதுங்க," என்றேன் நான். (வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்தாலாவது சும்மா இருந்திருப்பேன்.)

முதல் பாதியில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்கவே வேண்டாம். பெரியப்பா திரையில் வரும்போதெல்லாம் எங்கள் வரிசையே மாமாவைத் திரும்பிப் பார்த்தது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். இடைவேளையில் அத்தனை பேருக்கும் முட்டை பப்ஸ் வாங்கினார். "நம்மூரு முட்டையாத்தான் இருக்கும், தின்னுங்க" என்று உபசாரம் வேறு.

படம் மறுபடி ஆரம்பித்து ஐந்தாவது நிமிடம், உத்தமப் பெரியப்பா ஊசியை எடுத்தார். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, அதற்குள் பச்சையாக எதையோ ஏற்றினார். ஏற்றிவிட்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக மயங்கி விழுந்தார்கள். அட கெரகமே! இவன்தான் வில்லனா?

எங்கள் வரிசையில் பப்ஸ் தின்கிற சத்தம் நின்றுபோனது. மாமா மட்டும் இருட்டில் முணுமுணுத்தார். "முட்டைக்குள்ள ஊசி போட்டா ஓடு ஒடஞ்சு போகாதாடா?" கொஞ்ச நேரம் கழித்து, அடித்தொண்டையில், "அட, அது கறிக்கோழிடா! கறிக்கோழியக் கூண்டுல அடச்சு முட்டையெடுக்கறானே, இவனெல்லாம் பண்ணக்காரனா?" என்றார். தன்னை வில்லனாக்கியதைவிட அந்தக் கறிக்கோழிதான் அவரை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன்.

கதாநாயகன் முட்டைத் தட்டாலேயே பெரியப்பாவை மூஞ்சியில் அடித்தான். தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. எங்கள் பதினாலு பேரைத் தவிர எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "ஏனுங்க, நெசமாலுமே இந்தப் படத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார். கிளைமாக்ஸில் கண்ணில் தண்ணீர் நிற்காது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, எனக்கு நிற்கவில்லை.

வெளியே வந்ததும் மாமாவின் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அவரைப் பெரியத்தை என்பார்கள். எங்கே போனாலும் முதலில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு அப்புறம்தான் உட்காருவார்.

"ஏம்மா, தெரிஞ்சேதான் எந் தம்பிய அந்த நாசமாப் போறவங்கூட சேத்துச் சொன்னயா? பதினோரு பேரக் கூட்டியாந்து அசிங்கப்படுத்தோணும்னு எத்தன நாளா நெனச்சிருந்த?"

என் நிலைமையைப் பாருங்கள். படத்தைப் பார்த்தேன் என்றால், சம்பந்தி வீட்டைத் திட்டம் போட்டு அவமானப்படுத்திய திமிர் பிடித்தவள். பார்க்கவில்லை என்றால், இத்தனை நாளும் ஊரையே ஏமாற்றிய புளுகுணி. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா யாரோ தெரியாத குடும்பத்து ஆள் போல வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனை இழந்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன். பயத்தில் பொய் வரவில்லை. உண்மை வந்துவிட்டது.

"நான் பாக்கலீங்க. எடவேளையோட எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டேனுங்க."

மாமா மெல்ல என் பக்கம் வந்தார். "அப்ப அந்தப் பேய்ப் படம்?"

"எடவேளை வரைக்குந்தானுங்க."

"கொலைகாரன் தம்பீன்னு சொன்னயே?"

"அதும்தானுங்க."

"எதையாச்சும் முழுசாப் பாத்திருக்கியா சாமி?"

"ஒரு போலீஸ் படம்... அதும் இல்லீங்க," என்று தேம்பினேன்.

"பாத்தயா, புளுகுணி! வாயத் தொறந்தாப் பொய்யி! இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாண்டா," என்றார் பெரியத்தை.

மாமா மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, மறுபடி மடித்துக் கட்டினார். அதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. அப்புறம் அவர், "இல்லக்கா. முழுசாப் பாத்துப்போட்டு நம்மளக் கூட்டியாந்திருந்தாத்தான் தப்பு. புளுகறவளத் திருத்திக்கலாம். மனசுல வெசம் வெச்சிருக்கறவளத்தான் ஊட்டுக்குள்ள சேக்கப்படாது. இது வெறும் வாயிதான், வெசமில்ல," என்றார்.

எனக்கு அழுகையே சத்தமாக வந்துவிட்டது. ஆனால் சும்மா விட்டாரா? அங்கேயே, கார் பக்கத்தில் நிற்க வைத்து, என் போனை எடுக்கச் சொன்னார். முழுப் படத்துக்கும் ஒழுங்கான விமர்சனம் சொல்ல வேண்டுமாம். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேச, அவர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். ஒன்பது நிமிடம் ஓடியது. அதில் கதைக்கு ஒரு நிமிடம். மீதி எட்டும், கறிக்கோழி தரையில் வளரும், முட்டைக்கோழி கூண்டில் வளரும், நோய் வராமல் இருக்கத் தடுப்பூசி போடுவது கோழிக்குத்தானே ஒழிய முட்டைக்கு இல்லை என்ற விவரங்கள். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன ஒரே முழு விமர்சனம் அதுதான். அது நாமக்கல் பண்ணைக்காரர்கள் குழுவெல்லாம் சுற்றியது. என் கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேர் என்னைப் பார்த்ததும், "அட, முட்டைக்கு ஊசி போடறதில்லைன்னு சொன்ன புள்ளையா?" என்றுதான் மொய் வைத்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கேள்வி உண்டு. குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்றால், "முழுசாப் பாத்தயா, எடவேளை வரைக்குமா?" பஸ் போய்விட்டது என்றாலும் அதே கேள்விதான். பெரியத்தைகூட இப்போது அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

எனக்குக் குழந்தை பிறந்த அன்று நர்ஸ் வெளியே போய், "பேத்தி பொறந்திருக்காங்க" என்றாராம். மாமா விடவில்லை. "முழுசாப் பாத்துட்டீங்களா கண்ணு?"

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், "கால் வெரல் வரைக்கும் எண்ணிப் பாத்துட்டேனுங்க" என்றிருக்கிறார்.

"அப்பச் சரி," என்றாராம் மாமா. "எம் மருமக வந்து சொல்லியிருந்தா, இடுப்பு வரைக்குந்தான் பாத்திருப்பா."