பெல்ட் அண்ணன் போட்ட கையெழுத்து

என்னை வாயடைத்து நிற்க வைத்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் பத்து இடத்திலும் பெல்ட் அண்ணன் ஒருவர்தான் இருப்பார். வயிற்றில் இருப்பது இரட்டைப் பிள்ளை என்று டாக்டர் சொன்ன நிமிடம் பதினொன்றாவது இடம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. நெய்வேலியில் அது சம்பளம் போடும் ஆபீசுக்கு மட்டுமே தெரியும். சுரங்கத்திலிருந்து மண்ணையும் நிலக்கரியையும் மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டில் ஆபரேட்டர். அதனால் பெல்ட். அவர் மனைவி வசந்தாக்காகூட, "பெல்ட்டு தூங்கிகினு இருக்குது, அப்புறம் வாங்க" என்றுதான் சொல்வார்.

நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மாடி வீடு. ஆறடி உயரம். மேலுதட்டை மூடி, மோவாய்வரை இறங்கிய மீசை. பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி முற்றிய குரல். மாடியில் அவர் உப்பு கேட்டால் அடுத்த பிளாக்கில் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

போனில் எந்த ஆப் போட்டாலும் பக்கம் பக்கமாக விதிகள் வரும், கடைசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன் வரும். நாமெல்லாம் நேராகப் பட்டனுக்குத்தான் போவோம். உலகத்திலேயே அந்த விதிகளை வரி விடாமல் படித்த ஒரே மனிதர் பெல்ட் அண்ணன்தான் என்று சத்தியம் செய்வேன். காஸ் புக் பண்ணுகிற ஆப்பை மூன்று நாள் படித்தார். அதற்குள் சிலிண்டர் தீர்ந்து, வசந்தாக்கா எங்கள் அடுப்பில் குழம்பு வைத்தார். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால் புரியாத ஆங்கில வார்த்தைக்கெல்லாம் என் வீட்டுக் கதவைத் தட்டுவார். ஒருமுறை ‘பெர்பெச்சுவல்’ என்றால் என்ன என்று கேட்டார். என்றைக்கும் என்று அர்த்தம் என்றேன்.

"என்னிக்கும்னா? நாம செத்தப்புறமுமா?"

நான் ஆமாம் என்றேன். அந்த ஆப்பை அவர் போடவே இல்லை. இரண்டு நாள் எனக்கும் தூக்கம் சரியாக வரவில்லை. நான்தான் அதை என்றைக்கோ போட்டுவிட்டிருந்தேனே.

ஏன் அண்ணே இப்படி என்று ஒருநாள் கேட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டு எங்கப்பா பட்டது போதும் என்றார்.

இதையாவது சகித்துக்கொள்ளலாம். அவர் கேட்கிற மற்ற கேள்விகள்தான் பயங்கரம். நான் ஐந்து மாசம். கையில் காய்கறிப் பையோடு வருகிறேன். மாடிப்படியில் நின்றுகொண்டு, "மசக்கையில மொதல்ல எந்த வாசனைங்க புடிக்காம பூடும்?" என்று அந்தக் குரலில் கேட்கிறார். நான்கு வீட்டு ஜன்னல் திறந்தது. இன்னொரு நாள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர் பிளாக் அம்மாவிடம் போய், கல்யாண வீட்டில் ரவிக்கை கொக்கி அறுந்துபோனால் பெண்கள் என்ன செய்வார்கள் என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மா ஈரத்துணியை வாளியோடு விட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நியாயம் கேட்க மாடிக்குப் போனார். மீசையைப் பக்கத்தில் பார்த்ததும், மேலே தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கி வந்தார்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் தாழம்பூ அக்கா.

தாழம்பூ அக்கா இணையத்தில் கதை எழுதுகிறவர். டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சீரியலில் செண்பகம் என்று ஒரு சமையல்காரி வருவாள். வாரத்துக்கு மூன்று வசனம், அதிலும் இரண்டு ‘சரிங்கம்மா’. ஒருநாள் அவளைக் காணோம். நடித்த பெண் விலகிவிட்டாள் போலிருக்கிறது. ‘செண்பகம் ஊருக்குப் போயிட்டா’ என்று ஒரே வரியில் சீரியல் அவளை முடித்துவிட்டது. எங்களைப் போன்ற ரசிகைகள் நாலு நாள் புலம்பிவிட்டு மறந்துபோனோம். தாழம்பூ அக்கா மறக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாள், யாரை நம்பிப் போனாள் என்று எழுத ஆரம்பித்தார். பையோடு பஸ் ஏறின செண்பகம் ஒரு சுரங்க ஊரில் இறங்குகிறாள், கேன்டீனில் வேலைக்குச் சேருகிறாள், வயிற்றில் பிள்ளையோடு தனியாக நிற்கிறாள். இருநூறு அத்தியாயம் தாண்டியது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும், ‘செண்பகத்தைப் படைத்தவர்கள் வேறு. இது ஒரு ரசிக உள்ளத்தின் கற்பனை’ என்று ஒரு வரி இருக்கும்.

அந்தக் கதையைப் படித்துவிட்டு அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை. ஒரு பெண்ணின் மனசு இன்னொரு பெண்ணுக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் பின்னூட்டம் போட்டோம். தனியாகவும் மெசேஜ் அனுப்புவோம். நான் அனுப்பியதற்கு அளவே கிடையாது. மாமியாருடன் பேச்சுவார்த்தை நின்றது, பிரசவத்தை நினைத்து பயப்படுவது, ஒருநாள் பொட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தது, எல்லாம். அக்கா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் போடுவார்.

மாடி வீட்டு மீசைக்காரரைப் பற்றியும் எழுதினேன். ஆள் சரியில்லை, கண்ட கேள்வி கேட்கிறார், பயமாக இருக்கிறது என்று. அக்காவின் பதில் அன்று சாயங்காலம் வந்தது: ‘சில ஆம்பளைகளுக்கு எதை யாரிடம் கேட்பது என்று தெரியாது தங்கச்சி. மன்னித்துவிடுங்கள். இனிமேல் கேட்கமாட்டார், பாருங்கள்.’

அவர் கேட்கவில்லை. அக்கா வாக்கு பலித்துவிட்டது என்று நான் மெய்சிலிர்த்தேன்.

குழந்தைகள் பிறந்து ஒரு வருஷம் இருக்கும். ஒருநாள் காலையில் போனைத் திறந்தால் கதை இல்லை. இருநூற்றுச் சொச்சம் அத்தியாயமும் இல்லை. ‘பதிப்புரிமைப் புகாரின் பேரில் நீக்கப்பட்டது’ என்று ஒரு சாம்பல் நிறப் பலகை மட்டும் இருந்தது. வீட்டில் ஒரு ஆள் செத்துப்போன மாதிரி இருந்தது எனக்கு.

அதே வாரம் வசந்தாக்கா கண் கலங்கி இறங்கி வந்தார். பெல்ட்டு சாப்பிடுவதில்லை, ஷிப்டுக்கும் லீவு போட்டுவிட்டது, போனில் ஏதோ இங்கிலீஷில் வந்திருக்கிறது, ஒரு பார்வை பார்க்க முடியுமா என்று கேட்டார். பின்னாலேயே அண்ணன் வந்தார். ஆறடி ஆள் ஐந்தடியாகக் குறைந்திருந்தார்.

விஷயத்தை அவரே தொடங்கினார். ‘காப்பிரைட் ஸ்ட்ரைக்’ விழுந்துவிட்டது என்று மெயில் வந்ததாம். ஸ்ட்ரைக் என்றதும் யூனியன் செயலாளரிடம் போயிருக்கிறார். செயலாளர் ஆர்வமாக எழுந்து உட்கார்ந்து, கோரிக்கை என்ன, எத்தனை நாள் ஸ்ட்ரைக், காண்ட்ராக்ட் ஆட்களும் சேர்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். செண்பகம் என்று சொன்னதும், எந்த செக்‌ஷன் என்று கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செண்பகம் என்ற பெயர் காதில் விழுந்ததோடு நான் நின்றுவிட்டேன். போனை வாங்கிப் பார்த்தேன். மெயிலின் முதல் வரியில், ‘அன்புள்ள தாழம்பூ’ என்று இருந்தது.

தரை ஆடியது. சுரங்கத்தில் வெடி வைக்கும்போது பாத்திரங்கள் ஆடுமே, அப்படி. நான் அந்த மீசையைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன், மறுபடி மீசையைப் பார்த்தேன். மாமியார் விவகாரம், பிரசவ பயம், அம்மா வீட்டுப் பொட்டி என்று மூன்று வருஷ மெசேஜும் கண் முன்னால் வரிசையாக ஓடியது.

"நான் எழுதினதெல்லாம் படிச்சீங்களாண்ணே?"

"படிச்சு பதிலும் போட்டனேம்மா."

அவர் வீட்டுக்குப் போனபின் ஒரு மணிநேரம் சமையலறையில் சும்மா நின்றேன். பிறகு கோபம் வந்தது. மாடிக்குப் போய்ச் சண்டையே போட்டேன். பெண் என்று நம்பித்தானே சொன்னோம், எப்படி ஏமாற்றலாம் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ரசிகர் குழுவில் சேரும்போது நல்ல பேராக ஒன்று வைக்கத் தோன்றியதாம். முதல் அத்தியாயத்துக்கே எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டுவிட்டார்களாம்.

"ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. புனைபேர் வெச்சிக்கலாம்னு விதியில இருக்குது. ஆனா பொம்பளன்னு நம்பவெச்சி வூட்டு சமாச்சாரம் கேக்கலாம்னு எந்த விதியிலயும் இல்ல. தப்பு எம்மேலதான்."

இப்படி ஒப்புக்கொள்கிற ஆளிடம் எவ்வளவு நேரம் கத்துவது? உட்கார்ந்து மெயிலைப் படித்தேன். படிக்கப் படிக்க இன்னொரு அதிர்ச்சி. ஒரு ஆடியோ நாவல் சேனல் அவர் கதையை அத்தியாயம் அத்தியாயமாகக் கொஞ்சும் குரலில் வாசித்துப் போட்டிருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. போதாததற்கு, கதை தங்களுடையது, தாழம்பூதான் அதைத் திருடிவிட்டார் என்று அவர்களே புகாரும் கொடுத்திருக்கிறார்கள். திருடின கையே புகாரும் எழுதியிருந்தது.

ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பரணிலிருந்து பதினாலு நோட்டு இறங்கியது. எல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் கையால் எழுதியது. பெல்ட் ஆபரேட்டர் பழக்கம் விடுமா? ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி, ஷிப்டு, மழையா வெயிலா என்று குறித்திருந்தார். செண்பகத்துக்கு வலி எடுத்த அத்தியாயத்தின் மேல், ‘பி ஷிப்டு, பலத்த மழை, பெல்ட் நின்றது’ என்று இருந்தது.

அப்படியென்றால் ஜெயித்த மாதிரிதான் என்றேன். ஆனால் செண்பகமே சீரியல்காரர்களுடையவள் ஆயிற்றே என்றும் ஒரு சந்தேகம் கேட்டேன்.

"செண்பகம் அவங்க பெத்த பொண்ணுதாம்மா. அவங்க வந்து கேட்டா குடுத்துடுவேன். ஆனா பஸ் ஏறினதுக்கப்புறம் அவ வாழ்ந்தது நம்ம வூட்டுல. அத எவனோ வந்து என்துன்னா எப்பிடி?"

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. புகாரை மறுக்க வேண்டும் என்றால் உண்மையான பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது அப்படியே புகார் கொடுத்த சேனலுக்குப் போகும். அதற்குப்பின் அவர்கள் கெடுவுக்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் கதை திரும்பி வரும். அண்ணன் இதையெல்லாம் எனக்கு முன்பே வரி வரியாகப் படித்திருந்தார். அதனால்தான் சாப்பிடவில்லை. ஷிப்டு பஸ்ஸில் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும் என்று நான் ஆறுதல் சொல்லப் போனேன். அது கிடக்கட்டும் என்றார். என்னைப் போல நாற்பது, ஐம்பது பேர் அவரிடம் மனசைத் திறந்து எழுதியிருக்கிறார்கள். அக்கா ஒரு ஆம்பளை என்று கண்டவன் சேனலில் அவர்கள் கேள்விப்படக்கூடாது. அதற்குக் கதை செத்தாலும் சரி என்று அவர் சொன்னபோது வசந்தாக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுப்பு அனுப்ப அவருக்குக் கொடுத்திருந்த கெடு முடிய எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளில் அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அதிர்ச்சிதான். மனசைத் திறந்து எழுதிய ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினார். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் தட்டிவிடலாம் என்று நான் வழி காட்டினேன், கேட்கவில்லை. ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குப் பொருந்தாது என்றார். நான் ஆண், சுரங்கத் தொழிலாளி, பேர் இன்னது, உங்களை ஏமாற்றியது தப்பு. நீங்கள் எழுதியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அழித்துவிடச் சொன்னால் இன்றே அழித்துவிடுகிறேன். நீங்கள் பதில் சொல்லும்வரை அவற்றைத் திறந்துகூடப் பார்க்கமாட்டேன். இதுதான் சாரம்.

கடைசி நாள் மத்தியானம் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முழுப் பெயரையும், அப்பா பெயரையும், குவார்ட்டர்ஸ் நம்பரையும் அடித்தார். அனுப்புகிற பட்டனை அழுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் இன்னொருமுறை முதலிலிருந்து படித்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

சேனல்காரர்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக, ‘தாழம்பூ அக்கா இல்லை, மீசை மாமா’ என்று அவர் பெயரைப் போட்டு ஒரு வீடியோ விட்டார்கள். பாவம், அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய ஆள் யாரும் மிச்சமில்லை. திட்ட வேண்டியவர்கள் ஏற்கெனவே அவரைத் திட்டி முடித்திருந்தார்கள். ஒன்பது பேர் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் மூன்று பக்கம் திட்டி எழுதி, கடைசி வரியில் செண்பகத்தின் பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டிருந்தாள்.

ஷிப்டு பஸ்ஸில் ஒரு வாரம் தாழம்பூ, தாழம்பூ என்று கூப்பிட்டார்களாம். அடுத்த வாரம் கதை திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு ஃபிட்டர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செண்பகம் அந்த கேன்டீன் மேனேஜரை நம்பக்கூடாது, அவன் ஆள் சரியில்லை என்று காதோடு எச்சரித்துவிட்டுப் போனாராம்.

அந்தக் கடிதம் எனக்கும் வந்தது என்பதை இதுவரை சொல்லவில்லை. மாடியிலிருந்து கீழ் வீட்டுக்கு, ஏற்கெனவே நேரில் மன்னிப்புக் கேட்ட பிறகும், முறைப்படி எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, கூச்சம். படிக்கட்டில் தினம் பார்த்தோம், பேசினோம், என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பிளாக்கையே சுற்றிவந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

போன சித்திரையில் அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து குறிஞ்சிப்பாடிக்குப் போனார்கள். வேனில் கட்டில், பீரோ, நோட்டு மூட்டை எல்லாம் ஏறியது. வசந்தாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் வழக்கம்போல, வரங்கம்மா என்று நான்கு பிளாக்குக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வேன் திரும்பி மரங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகு, வாசலில் நின்றபடியே போனை எடுத்து, ஒன்றரை வருஷமாகப் பதில் போடாமல் வைத்திருந்த கடிதத்தைத் திறந்தேன்.

‘ஒண்ணையும் அழிக்க வேண்டாம், அக்கா’ என்று எழுதினேன்.