நாற்பத்திரண்டு போஸ்டர்களும் பதினோராம் விதியும்

விதிமுறைத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து எதிரிகள் வரத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. வலியசாலையில் எங்கள் வாசல்படியிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை அறுநூற்றுப் பதினான்கு அடி எடுத்து வைக்க வேண்டும் (மழைக்காலத்தில் அறுநூற்று முப்பது; குழிகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாமா?). வெளியே கிளம்புமுன் கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன். நாலாவது தடவை பார்க்கத் திரும்பி வந்ததில் தவறவிட்ட பஸ்களின் கணக்கும் என்னிடம் உண்டு. இங்கே அது வேண்டாம்.

முப்பத்துநாலு வருஷம் சர்க்கார் வரைபடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். வரைபடங்களில் ஊர்ப் பெயரையும் ஆற்றுப் பெயரையும் கையால் எழுதுவது என் வேலை. பொன்முடிச் சாலையின் கொண்டைஊசி வளைவுகளில் பஸ்ஸில் போனதைவிட, பேனாவால் போனதுதான் அதிகம். என் எழுத்தைப் பார்த்தவர்கள் அச்சு மாதிரி இருக்கிறது என்பார்கள். அதைப் பாராட்டு என்றே எழுபத்திரண்டு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன் என் பேத்தி காயத்ரி, கல்லூரி இரண்டாம் வருஷத்தில், மாணவர் சங்கப் பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்கப் போவதாகச் சொன்னாள். காரணம் கேட்டேன். அவர்கள் கல்லூரியில் பெண்கள் கழிப்பறைக் கதவுகள் ஒன்பது. அவற்றில் ஐந்துக்குத்தான் தாழ்ப்பாள் இருந்தது. மற்ற நாலுக்கும் வெளியே ஒரு தோழி காவல் நிற்க வேண்டும். மாணவிகள் மனுக் கொடுத்து இரண்டு வருஷமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. தான் ஜெயித்தால் முதல் வாரமே நாலு தாழ்ப்பாள் என்றாள். கதவுகளை எண்ணியது அவளேதான். (எண்ணும் குணம் எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்திருக்கிறது. என் மகன் ரமணிக்குத் தன் சட்டையில் எத்தனை பித்தான் என்பதுகூடத் தெரியாது.)

வேட்புமனுவோடு கல்லூரி ஒரு தேர்தல் விதிமுறைத் தாளும் கொடுத்திருந்தது. நாலு பக்கம், பதினாறு விதிகள். காயத்ரி அதன்மேல் காபி டம்ளரை வைத்திருந்தாள். நான் டம்ளரை நகர்த்திவிட்டுப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். அந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

ஊர்வலம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, சுவரில் எழுதக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும்தான். எந்த விதியை மீறினாலும் மனுவைத் தள்ளுபடி செய்யத் தேர்தல் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, அது பதினாலாவது. வாக்காளர்களுக்குத் தின்பண்டம் கொடுத்து ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது ஏழாவது. ஒரு சாயங்காலம் காயத்ரியின் சிநேகிதர்கள் ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். மருமகள் கீதா போளி தட்டி எடுத்து வந்தாள். நான் தட்டை வழியிலேயே மறித்தேன்.

"அப்பா, குழந்தைகள் ரெண்டு போளி தின்னா எலக்‌ஷன் நின்னு போயிடுமா?" என்றாள் கீதா.

"ஏழாவது விதி" என்றேன்.

விசாரித்ததில் ஐந்தாவது பையன் வேறு கல்லூரி என்று தெரிந்தது. அவனுக்கு ஓட்டு இல்லை. ஆகவே அவன் மட்டும் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் ஆறு போளி தின்றான்.

அன்று அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து மூன்று போஸ்டர் எழுதினார்கள். மலையாளத்தில்தான்; எங்கள் வீட்டில் தமிழ் என்றாலும் ஊர் மலையாள ஊர். முதல் வரி கிழக்கே கிளம்பி வடகிழக்கில் போய் முடிந்தது. கடைசிச் சொல்லுக்கு இடம் போதாமல் எழுத்துகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. அதைப் பார்த்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனதும், பரணிலிருந்து கோடு போடுகிற என் டி ஸ்கொயரையும் பட்டைப் பேனாக்களையும் இறக்கினேன்.

நாலு நாளில் நாற்பத்திரண்டு போஸ்டர். 'ஒன்பது கதவு, ஐந்து தாழ்ப்பாள்' என்பது மேல்வரி. கீழே அவள் பெயர், வகுப்பு, பதவி. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் ஆறு கோடு போட்டு, எழுதி, மை காய்ந்தபின் கோடுகளை அழித்தேன். இருநூற்று ஐம்பத்திரண்டு கோடுகள். ஒரு கோட்டின் நிழல்கூட மிஞ்சக் கூடாது என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழித்தேன். ரப்பர் இரண்டு தீர்ந்தது. கையால் எழுதியது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியத்தை நானே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

காயத்ரி இரண்டு போஸ்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம், "ரொம்ப நன்னா இருக்கு தாத்தா. கொஞ்சம் ஓவரா நன்னா இருக்கோ?" என்றாள். நான் அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்தேன்.

போஸ்டர் ஒட்டிய மறுநாள் பகல் பதினொன்று இருபதுக்கு அவளிடமிருந்து போன். எதிர்த்து நிற்கும் அனுஜா என்ற பெண் புகார் கொடுத்திருக்கிறாள்: போஸ்டர்கள் அச்சடித்தவை. இரண்டை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்களாம். எழுத்தின்மேல் எழுத்து அப்படியே உட்கார்ந்ததாம். மனிதக் கை இப்படி எழுதாது என்பது அனுஜாவின் வாதம். நிரூபிக்காவிட்டால் மனு தள்ளுபடி.

"என் தாத்தா எழுதினதாக்கும்னு சொன்னேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறா. நீங்க ஒடனே வரணும், கேட்டேளா?" என்றாள்.

நான் துடித்து எழுந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு உள்ளூர ஒரு குளுகுளுப்பு. ஓய்வு பெற்றுப் பதினாலு வருஷத்தில் என் எழுத்தைப் பார்க்க முதல்முறையாக ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டேன். டி ஸ்கொயர், மைப்புட்டி, பேனா மூன்று, பென்சில் இரண்டு, எல்லாவற்றோடும் ஆட்டோவில் ஏறினேன். (கேஸ் அடுப்பை ஒரு தடவைதான் பார்த்தேன். அவசரம் எவ்வளவு என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.)

கல்லூரி வாசலில் காவலாளி ஒரு பதிவேட்டை நீட்டினார். பெயர், ஊர், வந்த காரணம். மூன்றாவது கட்டத்தில், 'தேர்தல் போஸ்டர் எழுதிக் காட்ட' என்று மிக அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். குற்றவாளிகள் பொதுவாக இவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

தேர்தல் அதிகாரி ஒரு தாவரவியல் பேராசிரியர். மெதுவாகப் பேசுகிற, நல்ல மனிதர். இலை நரம்பு பார்க்கிற லென்ஸை வைத்து என் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் பதினாலு பேர். காயத்ரி சுவரோரமாக நின்றாள், முகம் சிறுத்து. எதிரே அனுஜா, மெலிந்த பெண், கையில் விதிமுறைத் தாள், நெற்றியில் சந்தனம். என்னைக் கண்டதும் "இருக்கணும் அப்பூப்பா" என்று தாத்தா முறை சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டவளும் அவள்தான்.

தாளை விரித்தேன். ஆறு கோடு போட்டேன். 'ஒன்பது கதவு' என்று எழுதி முடிக்கப் பத்தொன்பது நிமிஷம். பேராசிரியர் அதை எடுத்துப் பழைய போஸ்டரின்மேல் வைத்து ஜன்னலில் பிடித்தார். பிசிறில்லாமல் பொருந்தியது. யாரோ கை தட்டினார்கள். அனுஜாவும் தட்டினாள். காயத்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அங்கேயே எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

"எல்லாமே ஸார் எழுதியதா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"நாற்பத்திரண்டும் நான்தான். காயத்ரி ஒரு புள்ளிகூட வைக்கவில்லை" என்றேன். மலையாளத்தில், நெஞ்சை நிமிர்த்தி.

அனுஜா தாளைப் புரட்டினாள். "ஸாரே, அப்படியானால் ரூல் ஒன்பது. புறத்துள்ள ஆள் பிரசாரத்தில் பங்கெடுக்கப் பாடில்லா." வெளியாள் பிரசாரத்தில் இறங்கக் கூடாது என்கிறாள்.

தவறான எண்ணைக் கேட்டால் என் உடம்பு தாங்காது. யோசிக்குமுன் வாய் திறந்துவிட்டது.

"ஒன்பதல்ல மோளே. ஒன்பது போஸ்டர் ஒட்டுகிற இடம் பற்றியது. புறத்தாள் பதினொன்று."

அதோடும் விடவில்லை. முழு விதியையும் மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கினேன். "கல்லூரியின் மாணவராக அல்லாத எவரும், எந்த வகையிலும், எந்த வேட்பாளருக்காகவும்..." 'எந்த வகையிலும்' என்ற இடத்தில் என் குரல் மெலிந்தது. 'எவரும்' என்பதற்குள் நானும் இருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று தடவை படித்தபோதும் அந்த விதி ஜீப்பில் வந்து இறங்கும் தடித்த கட்சிக்காரர்களுக்கு என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்து கோடு போடுகிற கிழவனும் அதில் சேர்த்தி என்று தோன்றவே இல்லை. ஆனாலும் பாதியில் நிறுத்தவில்லை. கடைசிச் சொல்வரை ஒப்பித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

காயத்ரி என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தாள்.

என்னால் வந்த தப்பு, குழந்தை அந்தத் தாளைப் படிக்கவே இல்லை என்று பேராசிரியரிடம் கெஞ்சினேன். (வேட்பாளர் விதிகளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது இரண்டாவது விதி. நல்லவேளை, அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நானும், வாழ்க்கையில் முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டேன்.) அவர் நெடுநேரம் லென்ஸைத் துடைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: மனு நிற்கும், ஆனால் மாலை நாலு மணிக்குள் நாற்பத்திரண்டு போஸ்டரும் இறங்க வேண்டும். மறுநாள் மத்தியானத்தோடு பிரசாரம் முடிகிறது.

ஏணி கொடுங்கள், நானே இறக்கிவிடுகிறேன் என்றேன்.

அவர் வருத்தத்தோடு சொன்னார், "அதுவும் பதினொன்றில் வரும், ஸார்."

வாசல் கேட்டுக்கு வெளியே டி ஸ்கொயரோடு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஏழு போஸ்டர் தெரிந்தது. என் பேத்தி ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். கிழிக்கவில்லை; ஓரம் ஓரமாக நகத்தால் நெம்பி, முழுசாக எடுத்தாள். கோபத்தில் கிழித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆட்டோவில் திரும்பும்போது, "சாரமில்லை தாத்தா" என்றாள். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். கிழக்கேகோட்டை சிக்னலில் அதையே இன்னொரு தடவை சொன்னாள். பரவாயில்லை என்றால் ஒரு தடவை போதும்.

அன்று சாயங்காலம் ஓட்டுள்ள சிநேகிதர்கள் நாலு பேர் மட்டும் வந்து, கோணல்மாணலாக ஆறு போஸ்டர் எழுதினார்கள். கீதா என்னை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். ஸ்கெட்ச் பேனா தாளில் கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே வரி சாய்வது எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காயத்ரி இருபத்து மூன்று ஓட்டில் அனுஜாவிடம் தோற்றாள்.

இரண்டு நாள் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. போஸ்டருக்கு அரை ஓட்டு வீதம் போட்டாலும் இருபத்தொன்று. அப்போதும் தோல்விதான் என்று கணக்குப் போட்டு எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். காயத்ரியிடம் அதைச் சொன்னபோது, "போஸ்டருக்கு முக்கால் ஓட்டுன்னு வெச்சுக்கோங்கோ" என்றாள். முப்பத்தொன்றரை. அவள் ஜெயித்திருப்பாள். அதன்பின் கணக்குப் போடவில்லை.

அடுத்த வாரம் வாசலில் அனுஜா நின்றாள். கையில் சுருட்டிய தாள். சங்கத் தொடக்க விழாவுக்கு வரவேற்புப் பலகை எழுத வேண்டுமாம். "எலக்‌ஷன் கழிஞ்சல்லோ அப்பூப்பா. இனி ரூல் ஒன்றுமில்லை" என்றாள், வெட்கமே இல்லாமல்.

நான் காயத்ரியைப் பார்த்தேன். அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அனுஜாவிடம் கேட்டாள்: "தாழ்ப்பாள் எத்தனை போட்டே?"

"ரெண்டு."

"மீதி ரெண்டும் போட்டுட்டு வா. அப்பறம் தாத்தா எழுதுவார்."

மூன்றாம் நாள் அனுஜா போனில் நாலு படம் அனுப்பினாள். நாலிலும் புதுத் தாழ்ப்பாள். ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை எழுதிக் கொடுத்தேன். அவள் அன்று கீதாவின் போளி மூன்று தின்றாள். இப்போதும் மாதம் ஒரு தடவையாவது வருகிறாள்.

இவ்வளவோடு முடிந்ததா என்றால் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பேச்சின் நடுவிலாவது நான் திருத்தம் சொல்ல வாயைத் திறந்தால், "பதினொண்ணு" என்று யாராவது சொல்கிறார்கள். அத்தோடு நான் மூடிக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு நானூறு பேர் வந்ததாகக் கீதா சொல்வாள். நான் முந்நூற்று எழுபத்து... என்று ஆரம்பிப்பேன்; பதினொண்ணு. டாக்டர் முன்னால்கூட விடுவதில்லை.

இந்தக் கதையை ரமணி வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்கிறான். அவன் சொல்லும்போது போஸ்டர் ஐம்பது, அறையில் நூறு பேர், ஓட்டு வித்தியாசம் ஒரு நாள் பத்து, ஒரு நாள் முப்பது. நான் நாற்காலியில் நிமிர்வேன். உடனே கீதா, காயத்ரி, சமயத்தில் அனுஜா, மூன்று பேரும் சேர்ந்து சொல்வார்கள்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிட்டேன். போஸ்டர் நாற்பத்திரண்டு. ஆட்கள் பதினாலு. வித்தியாசம் இருபத்து மூன்று. இங்கே குறுக்கே பேச யாரும் இல்லை.