ஹினெக்கின் எவர்சில்வர் பீப்பாய்

மூன்றாவது தடவையாக வீடு முழுக்கக் கரண்ட் போனது. ஹினெக்கின் மனைவி யார்மிலா வாசற்படியில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கிலி பிடித்தது.

"வாத்து பாதி வெந்து கெடக்கு. அந்தச் சனியன் புடிச்ச பீப்பாவ எப்ப வெளிய தூக்கிப் போடப் போற?"

"இன்னும் ஒரே தடவ, யார்மிலா."

அவன் தவிப்பு அவனுக்கு. ஊர்த் தீயணைப்புப் படையின் விருந்துக்கு இன்னும் சரியாக ஆறு வாரம். இந்த வருஷம் என் கையால் காய்ச்சிய பீர்தான் என்று மதுக்கடையில் சவால் விட்டுவிட்டான். மேசையே விழுந்து விழுந்து சிரித்தது. இருப்பது ஒரே பீப்பாய். இன்றே காய்ச்சி, அதிலேயே ஆறு வாரம் ஊற விட்டால்தான் உண்டு. இல்லையென்றால் அந்த மேசைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பீப்பாயில் ஓட்டை போடவே நாலு டிரில் பிட்டைக் காவு கொடுத்திருந்தான். உள்ளே ஹீட்டர் காயில், விரல் தடிமனில் எர்த் ஒயர். யார்மிலாவின் நிபந்தனைப்படி, துளி மின்சாரம் கசிந்தாலும் வீட்டையே அணைத்துவிடும் புது சுவிட்சை அன்று காலைதான் டவுன் எலக்ட்ரீஷியன் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

முதல் தடவை அணைந்ததும் வாஷரை மாற்றினான். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று மறுபடியும் கீசரிலிருந்தே வெந்நீர் பிடித்து நிரப்பினான். இரண்டே நிமிஷம், கரண்ட் போச்சு. வாஷிங் மெஷின் அவனுடைய தீயணைப்புச் சீருடையை விழுங்கிக்கொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்றது. புதுக் காயில் போட்டான், வெந்நீர் பிடித்தான். அதற்கும் அதே கதிதான். மனுஷன் அசரவில்லை. எர்த் ஒயரைக் கழற்றித் திரும்ப முறுக்க உட்கார்ந்தான்.

யார்மிலா அண்ணனுக்குப் போன் போட்டாள். ஓட்மார் தனியாக வரவில்லை. பீப்பாய்க்கு சீல் வைக்க மின்சார ஆய்வாளர் வோந்த்ராவையும் கூட்டி வந்தார்.

"மாப்ள, ஒனக்குக் குடிக்கத்தான் தெரியும். காய்ச்சற வேலையெல்லாம் எதுக்கு?"

"அவர் பாத்துச் சொல்லட்டும் மச்சான்."

வோந்த்ரா மீட்டரை வைத்துப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அதன் பிளக்கையே பிடுங்கிவிட்டு, குளியலறைக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டார். இரண்டு நிமிஷத்தில் வீடு அணைந்தது.

"பீப்பா மேல ஒரு குத்தமும் இல்ல. கீசர்தான் கசியுது. வெந்நீர் பிடிச்சதும் அது சூடேற ஆரம்பிக்குது, புது சுவிட்ச் கண்டுபிடிச்சிருது. இத்தன நாள் நீங்க உசுரோட குளிச்சதே பெருசு. யார் மாட்டினது இத?"

பதினோரு வருஷத்துக்கு முன் மாட்டிய ஓட்மார் ஜன்னல் வழியே வாத்துக் கொட்டிலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹினெக்குக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. யார்மிலாவே அவன் தோளில் கை வைத்து, காய்ச்சு என்றாள். அவன் பீருக்கான மால்ட் தானிய மூட்டையைப் பிரித்தான்.

வோந்த்ரா கீசரின் ஒயரை வெட்டி, சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வந்தார்.

"புதுசு வர ஆறு வாரம் ஆகும்மா. அதுவரைக்கும் குளிக்க, துவைக்க எல்லாத்துக்கும் இந்தப் பீப்பாயிலயே தண்ணி காய வெச்சுக்குங்க. இந்த வீட்டுல பத்திரமான சாமான் இது ஒண்ணுதான்."